ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்துமுன்: சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப்பள்ளியை எடைபோடும் முறை

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவுகள் நவம்பர் பிற்பகுதியில் வெளிவரும். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் ஆறு உயர்நிலைப்பள்ளிகளை வரிசைப்படுத்திக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பதிந்துவிட வேண்டும். பள்ளிகளைப் பற்றி விசாரிக்கும் வேலையையே அந்த வாரத்தில்தான் தொடங்கினால், போன ஆண்டு வெட்டுப்புள்ளியையும் (கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்) சொந்தக்காரர்கள் சொன்ன பெயர்களையும் வைத்து அவசரப் பட்டியல் ஒன்று போடத்தான் நேரம் இருக்கும். தொடக்கநிலை 5 முடிந்த டிசம்பர் விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பள்ளிகளின் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த சில மாதங்களில் அவற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி வாரத்துக்கு வரிசை போடும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு அதிகாரபூர்வத் தரவரிசை கிடையாது. 1992இல் தொடங்கிய பட்டியலிடும் வழக்கம் 2012இல் முற்றாகக் கைவிடப்பட்டது. ஒவ்வொரு பள்ளியின் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்ச்சி விகிதமும் வெளியிடப்படுவதில்லை. எந்தப் பள்ளியில் எந்த இனத்தவர் எத்தனை பேர், வகுப்புக்கு எத்தனை மாணவர் என்ற விவரமும் பள்ளிவாரியாகக் கிடைக்காது. இணையத்தில் சுற்றும் “சிறந்த 50 பள்ளிகள்” பட்டியல்கள் பெரும்பாலும் வெட்டுப்புள்ளியை ஏறுவரிசையில் அடுக்கியவை. அதற்கு மேல் அவற்றில் எந்த ஆய்வும் இல்லை.

வெட்டுப்புள்ளி பள்ளிக்குள் நுழைந்தவர் யார் என்பதைச் சொல்லும். நுழைந்த பிறகு நாலைந்து ஆண்டுகளில் பள்ளி அவர்களை என்ன செய்தது என்பதைச் சொல்லாது. இந்த இரண்டாவது கேள்விக்கு நீங்களே சான்று தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வரம்பைப் படிப்பது

அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் பக்கத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் முந்திய ஆண்டின் பிஎஸ்எல்இ மதிப்பெண் வரம்பு இருக்கும். முதலில் சேர்ந்தவரின் மொத்தமும் கடைசியாகச் சேர்ந்தவரின் மொத்தமும்தான் அந்த இரண்டு எண்கள். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல்1 முதல் ஏஎல்8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்கையும் கூட்டினால் 4 முதல் 32 வரை ஒரு மொத்தம் வரும். எண் குறையக் குறைய நல்லது. அதற்கு முன்பிருந்த 200க்கு மேற்பட்ட டி-ஸ்கோர் எண்களை யாராவது எடுத்து நீட்டினால் ஒதுக்கிவிடுங்கள். இரண்டையும் ஒப்பிட வழியில்லை.

அடைவுநிலைகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. ஏஎல்2 என்பது 85 முதல் 89 வரை, ஐந்தே மதிப்பெண். ஏஎல்5 65 முதல் 74 வரை. ஏஎல்6 45இல் தொடங்கி 64 வரை நீள்கிறது. ஆகவே 22 என்று ஒரே மொத்தம் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருவர் எல்லாப் பாடத்திலும் நடுத்தரமாக இருக்கலாம். மற்றவர் தமிழில் ஏஎல்2 எடுத்துக் கணிதத்தில் தடுமாறியவராக இருக்கலாம். பள்ளியின் வரம்பு இந்த வேறுபாட்டைக் காட்டாது. உங்கள் பிள்ளையின் நான்கு எண்களையும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஜி3, ஜி2, ஜி1 என்ற பாட நிலைகளைப் பற்றிப் (ஜி3தான் கடினமானது) பேசும்போது மொத்தத்தைவிட அவைதான் உதவும்.

பக்கத்தில் பல வரிசைகள் இருக்கும். மதிப்பெண்படி மாணவரைப் பிரிக்கும் போஸ்டிங் குரூப் (பிஜி) 3, 2, 1 என்று தனித்தனி வரம்பு. இணைப்புத் தொடக்கப்பள்ளி (அங்கே படித்தவருக்கு முன்னுரிமை உண்டு) உள்ள இடங்களில் இணைப்பு மாணவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. 4 முதல் 20 வரை மொத்தம் பெற்றவர் பிஜி3. 21, 22 பெற்றவர் பிஜி3 அல்லது பிஜி2. 23, 24 என்றால் பிஜி2. 25 என்றால் பிஜி2 அல்லது பிஜி1. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது ஏஎல்7 இருந்தால் 26 முதல் 30 வரை பிஜி1. இணைப்பு இல்லாத பிள்ளையின் பெற்றோர் இணைப்பு மாணவர் வரிசையைப் பார்த்து நம்பிக்கை கொள்வது ஆண்டுதோறும் நடக்கும் தவறு. சில பள்ளிகளில் இரண்டுக்கும் இடையே பல புள்ளிகள் வேறுபாடு உண்டு.

வரம்பின் அகலத்தைக் கவனியுங்கள். பிஜி3 வரம்பு 8–11 என்றிருக்கும் பள்ளியில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் படிப்பவர்கள் கூடியிருப்பார்கள். 9–20 என்றிருக்கும் பள்ளியில் ஆசிரியர் பல வேகங்களுக்குப் பாடம் நடத்திப் பழகியிருக்க வேண்டும். எது நல்லது என்பது பிள்ளையைப் பொறுத்தது. 11 எடுத்த பிள்ளை முதல் பள்ளியில் வரிசையின் வாலிலும் இரண்டாவதில் தலையிலும் இருப்பார். வாலில் இருந்தால் உந்துதல் பெறும் பிள்ளைகள் உண்டு. முதல் மூன்று மாதத்திலேயே துவண்டுவிடும் பிள்ளைகள் அதைவிட அதிகம் என்பது துணைப்பாட ஆசிரியர்கள் பலரும் சொல்வது.

பிஜி3 வரம்பின் கடைசி எண் 20ஐத் தொட்டாலோ 22 வரை போனாலோ, அந்தப் பள்ளிக்கு அடிதடி இல்லை என்று பொருள். அதைக் கற்பித்தல் மோசம் என்று மொழிபெயர்க்கக் கூடாது. புதிய வட்டாரம், எம்ஆர்டி நிலையத்திலிருந்து தூரம், பக்கத்திலேயே பெயர்பெற்ற பள்ளி என்று காரணங்கள் வேறாக இருக்கலாம். இப்படிப்பட்ட பள்ளிகளில்தான் கவனித்துத் தேடுபவருக்கு நல்ல ஆசிரியர் குழுவும் கேட்ட இணைப்பாட நடவடிக்கையும் (விளையாட்டு, கலை, சீருடைக் குழு போன்றவை) எளிதாகக் கிடைக்கின்றன.

ஸ்கூல்ஃபைண்டரில் ஓராண்டு வரம்பே இருக்கும் என்பதால், பிள்ளை தொடக்கநிலை 5இல் இருக்கும்போதே திரையைப் படமெடுத்துச் சேமித்து வையுங்கள். இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்தால் எந்தப் பள்ளியின் எண் நிலையாக இருக்கிறது, எது ஒரு புள்ளி ஏறி இறங்குகிறது என்று தெரியும்.

தேர்வு முடிவுகளைக் கேட்கும் விதம்

அமைச்சு வெளியிடாவிட்டாலும் பெற்றோரை அழைத்துப் பள்ளியைக் காட்டும் ஓப்பன் ஹவுஸ் நாளில் முதல்வர் தம் பள்ளியின் எண்களைத் திரையில் காட்டுவார். பெரும்பாலும் அவை உண்மையானவை, ஆனால் பொறுக்கி எடுக்கப்பட்டவை. ஒரு விழுக்காட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: “எத்தனை பேரில்?”

“இலக்கியத்தில் நூறு விழுக்காடு தேர்ச்சி” என்றால், அந்தப் பாடத்தை எடுக்க விடப்பட்டவர்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் பன்னிருவரும் தேறுவது சாதனை ஆகாது. “சாதாரண நிலையில் ஐந்து பாடங்களில் தேறியவர்கள்” என்ற எண்ணுக்கும் அதே கேள்விதான். தேசிய அளவிலேயே அது 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்துவருகிறது. ஆகவே 90 என்று ஒரு பள்ளி காட்டினால் கைதட்டுவதற்கு முன், அந்த மாணவர்கள் எந்த மதிப்பெண்ணோடு உள்ளே வந்தார்கள் என்று பாருங்கள். 8–10 வரம்போடு 90 என்பது சுமார். 16–20 வரம்போடு 90 என்றால் அந்தப் பள்ளியில் ஏதோ நன்றாக நடக்கிறது.

இன்னொரு சிக்கல் இப்போதைக்கு மட்டும் உள்ளது. 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. அவர்கள் 2027 முதல் எஸ்இசி (உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்) என்ற ஒரே தேர்வை எழுதுகிறார்கள். ஆனால் பள்ளிகள் காட்டும் பழைய எண்கள் விரைவுநிலை மாணவர்களுடையவை மட்டுமாக இருக்கலாம். வழக்கநிலையில் இருந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளை பிஜி2இல் சேரப்போகிறார் என்றால் விரைவுநிலை எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. “வழக்கநிலையிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனவர்கள் எத்தனை பேர், தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு எத்தனை பேர்” என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியைவிட, சிறிய எண்ணைக்கூடத் தயங்காமல் சொல்லும் பள்ளி மேல்.

ஒரே ஆண்டின் எண்ணை நம்ப வேண்டாம். மூன்றாண்டு போக்கைக் கேளுங்கள். மாணவர்கள் வெளியே எவ்வளவு துணைப்பாடம் படிக்கிறார்கள் என்பது எந்த எண்ணிலும் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். அதைப் பள்ளியால் பிரித்துச் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

உயர்நிலை 3இல் என்ன பாடம் கிடைக்கும்

பெற்றோர் மிகக் குறைவாக ஆராய்வதும் பிள்ளையின் வழியை மிக அதிகமாகத் தீர்மானிப்பதும் இதுதான். உயர்நிலை 2 முடிவில் மாணவர்கள் பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலான பள்ளிகள் இதற்கான விளக்கக் கையேட்டைத் தம் இணையத்தளத்தில் போட்டிருக்கும். உயர்நிலை 2 பெற்றோருக்கான பகுதியில் தேடினால் கிடைக்கும். ஓப்பன் ஹவுஸ் துண்டறிக்கையைவிட அதைப் படிப்பதற்கு ஒரு மணி நேரம் செலவழிப்பது பயன் தரும்.

அதில் பார்க்க வேண்டியவை: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் தனிப் பாடமாகக் கற்பிக்கிறார்களா, அல்லது இரண்டு மட்டுமா. கூடுதல் கணிதம் யாருக்கு, எந்த மதிப்பெண்ணுக்கு மேல். கணக்கியல், கணினியியல், கலை, இசை, இலக்கியம் இவற்றில் எது இருக்கிறது, எது எதனோடு ஒரே நேரத்தில் மோதுகிறது. இடங்கள் வரம்புக்குட்பட்டவை என்று எழுதியிருந்தால், சென்ற ஆண்டு தகுதிபெற்றும் இடம் கிடைக்காதவர்கள் இருந்தார்களா என்று கேளுங்கள். மருத்துவம், பொறியியல் என்று வீட்டில் பேச்சு இருந்தால், தனி வேதியியலும் கூடுதல் கணிதமும் ஒரே தொகுப்பில் கிடைக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பாட எண்ணிக்கையைப் பெருமையாகக் கருதும் பழக்கத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். 2028 முதல் தொடக்கக் கல்லூரி சேர்க்கைக்கு ஒரு மொழியும் நான்கு தொடர்புள்ள பாடங்களும் போதும், முன்பு இருந்ததைவிட ஒன்று குறைவு. எட்டுப் பாடம் திணிக்கும் பள்ளி ஏழு பாடத்தோடு நிறுத்தும் பள்ளியைவிடச் சிறந்தது என்ற கணக்குச் செல்லாது.

பிஜி1, பிஜி2 மாணவரின் பெற்றோருக்கு இங்கே தனியாக ஒரு வேலை இருக்கிறது. பிஎஸ்எல்இயில் வழக்கமான தரத்தில் ஒரு பாடத்தில் ஏஎல்5 அல்லது அதைவிட நன்றாகச் செய்தவர் அந்தப் பாடத்தை ஜி3 நிலையில் படிக்கத் தகுதியுள்ளவர். ஏஎல்6 பெற்ற பிஜி1 மாணவர் ஜி2 நிலையில் படிக்கலாம். உயர்நிலை 1 தொடக்கத்தில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். வரலாறு, புவியியல் போன்ற மானுடவியல் பாடங்களுக்கு உயர்நிலை 2இலிருந்து. தகுதி காகிதத்தில் இருப்பது வேறு, பள்ளி ஊக்குவிப்பது வேறு. “பிஜி2 மாணவர்களில் எத்தனை பேர் குறைந்தது ஒரு பாடத்தை ஜி3இல் படிக்கிறார்கள்? பாதியில் இறங்கியவர்கள் எத்தனை பேர்? ஆண்டு நடுவில் ஏற வழி உண்டா?” இந்த மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் இருந்தால் பள்ளி அந்த மாணவர்களைக் கணக்கில் வைத்திருக்கிறது. “எல்லாருக்கும் வாய்ப்புத் தருகிறோம்” என்ற பொதுப்பேச்சோடு நின்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வகுப்பு

ஸ்கூல்ஃபைண்டரில் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருந்தால் போதும் என்று விட்டுவிடுவது சரியல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. ஒரு நிலையில் 240 மாணவர் உள்ள பள்ளியில் சராசரியாக 21, 22 இந்திய மாணவர்கள். அவர்களிலும் இந்தி, பஞ்சாபி, உருது, வங்காளம், குஜராத்தி படிப்பவர்களைக் கழித்தால் தமிழ் படிப்பவர் பதினைந்து பேர்கூட இல்லாமல் போகலாம். வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறும். இந்திய முகங்கள் நிறையத் தெரிகின்றன என்பதை வைத்துத் தமிழ் வகுப்பு பெரிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பதினைந்து பேருக்குள் ஜி1, ஜி2, ஜி3, உயர்தமிழ் என்று நான்கு நிலைகள் இருக்கலாம். ஆகவே தமிழாசிரியரிடம் கேட்க வேண்டியது: பள்ளியில் எத்தனை தமிழாசிரியர்கள், ஒரே வகுப்பறையில் எத்தனை நிலைகள் சேர்ந்து உட்காருகின்றன, உயர்தமிழ் பள்ளியிலேயே நடக்கிறதா வெளியிலா. ஒரே ஆசிரியர் நான்கு நிலைகளையும் சுமக்கும் இடத்தில் ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் நேரம் போதாது.

தமிழ் கற்பிக்காத பள்ளிகளின் மாணவர்கள் பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ தமிழ் உள்ள வேறு பள்ளிக்கோ வகுப்பு முடிந்த பிறகு போக நேரும். நிலையத்தின் தமிழ்ச் சூழலும் பிற பள்ளி நண்பர்களும் பிள்ளைக்கு லாபம். ஆனால் பயண நேரத்தையும் இணைப்பாட நடவடிக்கை மோதலையும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். சீருடைக் குழுவின் பயிற்சி நாளும் தமிழ் வகுப்பு நாளும் ஒன்றாக விழுந்தால் பள்ளி எதை விட்டுக்கொடுக்கிறது என்று அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவரிடம் கேட்பதே சரியான வழி. முதல்வரிடம் கேட்டால் “பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்பார்.

சீன மொழிக்குச் சிறப்பிடம் தரும் எஸ்ஏபி பள்ளிகள் பதினொன்றும் பட்டியலில் சேராது. அங்கே தாய்மொழிப் பாடம் சீனம். சில பள்ளிகளுக்கான உயர்சீன முன்னுரிமையும் அவற்றுக்கு மட்டுமே உரியது. உயர்தமிழில் சிறப்புத் தேர்ச்சி பெற்றாலும் உயர்நிலைப்பள்ளி ஒதுக்கீட்டில் அதற்கு இணையான சலுகை இல்லை. இதை நியாயமா என்று கேட்பது வேறு விவாதம். ஒதுக்கீட்டுக் கணக்கில் அதை நம்பி ஏமாற வேண்டாம்.

இந்தக் கேள்விகளைத் தாண்டி ஒரு சின்னச் சான்று: ஏப்ரல் தமிழ்மொழி மாதத்தில் பள்ளி என்ன செய்தது என்று அதன் முகநூல், இன்ஸ்டகிராம் பக்கங்களில் பின்னோக்கிப் பாருங்கள். தீபாவளிக்குக் கோலம் போட்டுப் படம் எடுப்பதை எல்லாப் பள்ளியும் செய்யும். சொற்களம், கவிதை, நாடகம் என்று மாணவர் பெயரோடு ஏதாவது நடந்திருந்தால் அங்கே உயிரோட்டமுள்ள ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்.

அங்கே படிப்பவர்கள் யார்

பெற்றோர் கேட்க விரும்பியும் வெளிப்படையாகக் கேட்கத் தயங்குவது இது. இனம், வீட்டு வருமானம் பற்றிய பள்ளிவாரி எண் கிடைக்காது என்று முன்பே சொன்னோம். வட்டாரத்தின் வீடுகளைப் பார்த்துத் தோராயம் போடலாம் என்றாலும், வெட்டுப்புள்ளி தாழ்ந்த பள்ளி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஈர்க்கும், உயர்ந்த பள்ளி தீவெங்குமிருந்து ஈர்க்கும். ஆகவே இரண்டாம் வகைக்கு வட்டாரத் தோராயம் பொருந்தாது.

நேரில் பார்ப்பது மேல். சாதாரண வேலைநாளில் பள்ளி விடும் நேரத்தில் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்திலோ உணவங்காடியிலோ அரை மணி நேரம் நில்லுங்கள். அங்கே நிற்கும் பிள்ளைகள் வாசலில் வரவேற்க நிறுத்தப்பட்டவர்கள் அல்லர். எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள், பல இனத்துப் பிள்ளைகள் கலந்து போகிறார்களா தனித்தனிக் கூட்டமாகவா, மூத்தவர் இளையவரை எப்படி நடத்துகிறார்கள், ஆசிரியர் கடந்து போகும்போது பிள்ளைகளின் முகம் எப்படி மாறுகிறது. கெட்ட வார்த்தை ஒன்று காதில் விழுந்ததற்காகப் பள்ளியை நீக்கிவிட வேண்டாம். பதினான்கு வயதில் அது எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஒருவர் ஒருவரைத் துன்புறுத்தும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வெவ்வேறு நாள்களில் பார்ப்பது அவசியம். ஒரு நாள் தேர்வு முடிந்த கும்மாளமாக இருக்கலாம்.

இப்போது உயர்நிலை 1, 2இல் வகுப்புகள் கலப்பு வகுப்புகள். மூன்று போஸ்டிங் குரூப்பினரும் ஒரே வகுப்பில் இருந்து கலை, இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவுக் கல்வி, குடியியல் ஆகியவற்றைச் சேர்ந்து படிப்பார்கள். பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இது. மூன்று வரம்புகளும் உள்ள பள்ளியில் கலப்பு நிஜமாக இருக்கும். பிஜி3 மட்டும் எடுக்கும் பள்ளியில் இருக்காது. கலப்பு வகுப்பைச் சில பெற்றோர் அபாயமாகவே பார்க்கிறார்கள். ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் தத்தம் நிலை வகுப்பில்தான் நடக்கின்றன என்பதால் பாடம் பின்தங்கும் என்ற கவலைக்குப் பெரிய ஆதாரமில்லை. உண்மையில் கேட்க வேண்டியது வேறு: வகுப்பு ஆசிரியர் தம் பிள்ளைகளை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கிறார்? பாட நேரத்தில் எல்லாரும் பிரிந்து போய்விடும் அமைப்பில், யாராவது ஒருவர் பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிக்கிறாரா என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கொடுமைப்படுத்துதல் பற்றி “எத்தனை சம்பவம்” என்று கேட்டால் எண் கிடைக்காது. “ஒரு மாணவர் புகார் கொடுத்தால் முதல் நாள் என்ன நடக்கும், இரு தரப்புப் பெற்றோரை எப்போது அழைப்பீர்கள், பள்ளி ஆலோசகரை மாணவர் தானாகப் பார்க்க முடியுமா” என்று கேளுங்கள். நடைமுறை தெரிந்த ஆசிரியர் படிப்படியாகச் சொல்வார். மாணவர் கையேடு பெரும்பாலும் இணையத்தளத்தில் இருக்கும். தாமத வருகைக்கு என்ன தண்டனை என்ற பக்கத்தைப் படித்தால் பள்ளியின் மனப்போக்கு கொஞ்சம் தெரிந்துவிடும். கற்றல் குறைபாடோ கவனக்குறைவோ உள்ள பிள்ளை என்றால், சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியை ஓப்பன் ஹவுஸிலேயே தேடிப் பிடித்துப் பேசுங்கள். மருத்துவ அறிக்கை நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஓப்பன் ஹவுஸில் வழிகாட்டும் மாணவரிடம் பேசாமல் திரும்ப வேண்டாம். “பள்ளி பிடிக்குமா” என்று கேட்டால் மனப்பாடப் பதில் வரும். “போன வாரம் எந்தப் பாடத்தில் சிறு தேர்வு வைத்தார்கள், வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவாய், உனக்குக் கேட்ட இணைப்பாட நடவடிக்கை கிடைத்ததா” என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு நடுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டன. அந்த இடத்தைச் சில பள்ளிகள் அடுத்தடுத்த மதிப்பீடுகளால் நிரப்பிவிட்டன, சில உண்மையாகவே சுமையைக் குறைத்தன. இதை மாணவர்தான் சரியாகச் சொல்வார்.

இணைப்பாட நடவடிக்கை, பயணம், மற்றவை

இணைப்பாட நடவடிக்கை கட்டாயம். பட்டியலில் பெயர் இருப்பது இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கூடைப்பந்து, பூப்பந்து போன்றவற்றுக்குத் தேர்வுச்சுற்று உண்டு. அதில் தேர்வாகாத பிள்ளையை வேறொன்றில் போடுவார்கள். சிங்கப்பூர் இளையர் விழாவின் கலைப் படைப்பு முடிவுகள், தேசியப் பள்ளி விளையாட்டுகளின் முடிவுகள் பொதுவில் கிடைப்பவை. இந்திய நடனத்தில் ஒரு பள்ளி அடுத்தடுத்த விழாக்களில் உயர்ந்த சான்றிதழ் வாங்கியிருந்தால் அங்கே நல்ல பயிற்றுநரும் போதுமான எண்ணிக்கையும் இருக்கின்றன.

பயணத்தைச் செயலியில் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். வேலைநாள் காலையில் ஆறே காலுக்குப் பிள்ளையோடு கிளம்பி, ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் பேருந்தில் ஏற இடமில்லாமல் போவது செயலியில் தெரியாது. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை 45 நிமிடத்துக்கு மேல் ஆனால், நாலைந்து ஆண்டுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம். அதற்கு ஈடாகப் பள்ளி எதைத் தருகிறது என்று சொல்ல முடியாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அரசாங்க, அரசாங்க உதவிபெறும் பள்ளிகளில் குடிமக்களுக்கு மாதக் கட்டணம் அதிகபட்சம் 25 வெள்ளி. தன்னாட்சிப் பள்ளிகளில் கொஞ்சம் கூடும். சுயேச்சைப் பள்ளிகள் தாமே நிர்ணயிக்கும். நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, அதையும் அமைச்சின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்வர் எப்போது வந்தார் என்றும் பாருங்கள். முதல்வர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றுவது வழக்கம். பத்தாண்டுக்கு முந்திய நல்ல பெயரோ கெட்ட பெயரோ வேறொருவர் காலத்தது.

வரிசை போடுதல்

இடம் ஒதுக்கும் கணினி முதலில் மதிப்பெண்ணையே பார்க்கிறது. ஒரே மதிப்பெண்ணில் இருவர் ஒரு பள்ளியின் கடைசி இடத்துக்கு நின்றால் குடிமகன், நிரந்தரவாசி, வெளிநாட்டு மாணவர் என்ற வரிசை. அதுவும் சமம் என்றால் யார் அந்தப் பள்ளியை மேலே எழுதினார் என்று பார்க்கப்படும். அதுவும் சமம் என்றால் கணினிக் குலுக்கல். ஆகவே பிள்ளையின் மொத்தமும் போன ஆண்டு வெட்டுப்புள்ளியும் ஒரே எண்ணாக இருந்து, உங்களுக்கு உண்மையாகவே வேண்டிய பள்ளி அதுவென்றால், அதை முதல் இடத்தில் எழுதுங்கள். எட்டாத பள்ளி ஒன்றை ஆசைக்கு முதலில் போட்டு அதை இரண்டாவதாகத் தள்ளினால், முதலில் எழுதிய இன்னொரு பிள்ளையிடம் இடத்தை இழக்கலாம். நிரந்தரவாசிக் குடும்பங்கள் சமன்நிலையில் பின்தள்ளப்படுவதால் ஒரு புள்ளி இடைவெளியை எதிர்பார்ப்பதே பாதுகாப்பு.

அமைச்சே சொல்வதுபோல், ஆறில் குறைந்தது இரண்டு மூன்று பள்ளிகள் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு வசதியாக எட்டுவதாக இருக்கட்டும். அவற்றையும் மேற்சொன்ன வேலைகளைச் செய்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி இரண்டு இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவதால்தான் டிசம்பரில் கண்ணீர் வருகிறது. ஒரு கட்டத்தையும் காலியாக விட வேண்டாம். ஆறிலும் கிடைக்காவிட்டால் காலியிடமுள்ள பள்ளிக்கு அமைச்சு அனுப்பும். இணைப்புப் பள்ளியின் முன்னுரிமை வேண்டுமென்றால் அதை முதல் விருப்பமாக எழுதியாக வேண்டும். இணைப்பில்லாதவர்களுக்கு அத்தகைய பள்ளிகளில் 20 விழுக்காட்டு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

விளையாட்டு, கலை, மொழித் திறனால் நேரடிச் சேர்க்கை வழியில் விண்ணப்பிப்பவர்கள் மே மாதத்திலேயே தொடங்க வேண்டும். மூன்று விருப்பங்கள்வரை தரலாம். இடம் உறுதியானால் நவம்பரில் வேறு பள்ளி தேர்ந்தெடுக்க முடியாது. வேறு பள்ளிக்கு மாறவும் முடியாது. ஆகவே மேற்சொன்ன ஆய்வு முழுவதையும் ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும். கால்பந்துக்காகச் சேர்ந்து, பாடத்தொகுப்பு பொருந்தவில்லை என்று உயர்நிலை 3இல் வருந்துவது வழி இல்லாத வருத்தம்.

ஒதுக்கீடு டிசம்பர் மூன்றாம் வாரம் வாக்கில் தெரியும். மனம் ஒப்பாவிட்டால் விரும்பும் பள்ளிக்கு மேல்முறையீடு செய்யலாம். அந்த ஆண்டு அந்தப் பள்ளியின் வெட்டுப்புள்ளியைப் பிள்ளை எட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. எட்டாதவரின் உருக்கமான கடிதத்தால் இடம் உண்டாகாது. பதில் வரும்வரை, ஒதுக்கப்பட்ட பள்ளியில் சேர்வதற்கான நடைமுறைகளை முடித்துவிடுங்கள். சீருடையை மட்டும் ஒரு செட்டுக்கு மேல் வாங்காமல் நிறுத்தி வையுங்கள்.